ஓரத்தில் ஒரு சால் பூ

பெங்களூரிலிருந்து தொட்டபள்ளாப்பூர் பக்கமோ, ஹொஸகோட்டை வழியாகக் கோலார் பக்கமோ மழைக்காலத்தில் போகிறவர்கள் சாலையின் இருபுறமும் ராகிக் காட்டைப் பார்த்திருப்பார்கள். வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தால்தான் அங்கே ராகி மட்டும் இல்லை என்பது தெரியும். சில வரிசைக்கு ஒரு சால் அவரை ஓடும். நம் ஊர் மொச்சைதான் அது. இன்னொரு சாலில் துவரை. நடுநடுவே கடுகும் தட்டைப்பயறும் சோளமும். வரப்போரம் ஆமணக்கு. மழை குறையும் நாட்களில் காட்டின் ஓரம் முழுக்க மஞ்சளாகப் பூத்து நிற்பது ஹுச்செள்ளு. தமிழில் பேயெள்ளு என்போம். இப்படிக் கலந்து விதைப்பதைக் கன்னட உழவர்கள் அக்கடி சாலு என்கிறார்கள். எல்லை தாண்டி ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்திலும் ராகியும் மொச்சையும் சேர்ந்தேதான் விளைந்து வந்திருக்கின்றன.

ஏன் இப்படி என்று கேட்டால் உழவர்கள் காரணங்களை அடுக்குவார்கள். மழை பொய்த்து ராகி கைவிட்டாலும் துவரையும் ஆமணக்கும் கைகொடுக்கும். வீட்டுக்குப் பருப்பும் எண்ணெயும் ஆச்சு, மாட்டுக்குத் தீவனம் ஆச்சு. பயறு வகை மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும். ராகி எட்டு வரிசைக்குத் துவரை இரண்டு வரிசை என்று பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகமே கணக்குப் போட்டுப் பரிந்துரைத்திருக்கிறது. இவை எல்லாம் சரி. இவற்றோடு இன்னொரு பலனும் உண்டு. நகரத்தில் மாடித்தோட்டமோ வீட்டைச் சுற்றி நாலடி மண்ணோ வைத்திருக்கும் நமக்கு அதுதான் முக்கியம்.

ராகி புல் இனம். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே மணி பிடிக்கும். பூச்சியை அழைக்கத் தேன் சுரக்காது. எனவே ராகி மட்டும் விதைத்த காட்டில் ஒரு குளவிக்கோ ஈக்கோ குடிக்க ஒரு சொட்டுத் தேன் கிடையாது. அக்கடிச் சாலில்தான் அதற்குச் சாப்பாடு. கடுகும் பேயெள்ளும் பூவில் தேன் தரும். தட்டைப்பயறும் ஆமணக்கும் இன்னும் ஒரு படி மேல். பூவுக்கு வெளியே தேன் வைத்திருக்கும். ஆமணக்கின் இலைக்காம்பில் சின்னச் சின்னக் குமிழ்களைப் பார்க்கலாம். அவை தேன் சுரப்பிகள். தட்டைப்பயற்றில் காய் பிடிக்கும் காம்பின் நுனியில் அதே மாதிரி சுரப்பிகள் இருக்கின்றன. பூ உதிர்ந்த பிறகும் அங்கே எறும்பும் குளவியும் வந்து நக்கிக்கொண்டிருப்பது அதனால்தான்.

குளவிக்கும் ஈக்கும் நாம் ஏன் சோறு போட வேண்டும்? அவரைக் கொழுந்தில் கரும் அசுவினி அப்பியிருக்கும் நாளில் ஒரு கைலென்ஸ் வைத்துக்கொண்டு பார்த்தால் விடை கிடைக்கும். அசுவினிக் கூட்டத்தின் நடுவே வெளிர்பச்சையாக, காலும் கண்ணும் இல்லாத ஒரு புழு தலையை இடமும் வலமும் ஆட்டித் துழாவும். தலையில் ஓர் அசுவினி தட்டுப்பட்டதும் கவ்வி, அப்படியே மேலே தூக்கி, சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் தோலைப் போட்டுவிடும். உடனே அடுத்தது. கூட்டுப்புழுவாக மாறும் முன் ஒரே புழு சில நூறு அசுவினிகளைத் தீர்த்துவிடும். இதுதான் சிர்பிட் ஈயின் குழந்தைப் பருவம். வளர்ந்த ஈயை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். உடலில் மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக, பார்க்கக் குளவிபோல் இருக்கும். பூவுக்கு முன்னால் காற்றில் அசையாமல் நின்று சட்டென்று வேறு பக்கம் பாயும். கொடுக்கு கிடையாது, யாரையும் கொட்டாது. இந்த ஈ அசுவினியைத் தொடுவதே இல்லை. பறக்கத் தெம்புக்குத் தேனும், வயிற்றில் முட்டை முதிர்வதற்கு மகரந்தமும்தான் அதன் ஆகாரம். புழுவாக இருக்கும்போது அசைவம், இறக்கை முளைத்ததும் சைவம். மகரந்தம் கிடைக்காத தோட்டத்தில் தாய் ஈ முட்டையிடாது. முட்டை இல்லையென்றால் அசுவினியைத் தின்னப் புழுவும் இல்லை.

நன்மை செய்யும் பூச்சிகளில் பெரும்பகுதியின் கதை இதுதான். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியான கிரைசோபெர்லாவின் புழு அரிவாள் போல் வளைந்த தாடையால் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் குத்தி உறிஞ்சும். அதன் தாய் தேனும் மகரந்தமும் சாப்பிடும். புழுவின் உடலுக்குள்ளோ முட்டைக்குள்ளோ தன் முட்டையை வைக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளில் பல ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். கரும்புக்கு அட்டையில் ஒட்டி விடப்படும் டிரைக்கோகிரம்மா அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. இந்தச் சின்னக் குளவிக்கு இனிப்பு கிடைக்காவிட்டால் ஆயுள் இரண்டு மூன்று நாள். கிடைத்தால் வாரக்கணக்கில் உயிரோடிருந்து, ஒவ்வொரு நாளும் புழு தேடி முட்டை வைக்கும். ஆய்வகத்தில் இவற்றை வளர்க்கிறவர்கள் கூண்டுக்குள் தேன் தடவி வைப்பது இதனால்தான். தோட்டத்தின் ஓரப் பூ அந்தத் தேனின் வேலையைச் செய்கிறது.

எந்தப் பூ என்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். நர்சரியில் கண்ணைப் பறிக்கும் பூக்களில் பாதி பூச்சிக்கு உதவாது. மகரந்தத் தாள்களை எல்லாம் இதழாக மாற்றி அடுக்கடுக்காக வளர்த்தெடுத்த பூவில் மகரந்தம் குறைவு, இருக்கும் தேனுக்கும் வழி அடைபட்டிருக்கும். நீளக் குழல் பூவின் அடியில் தேன் இருந்தால் தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் குடிக்கும். ஒட்டுண்ணிக் குளவியின் வாய் அதற்கு எட்டாது. அதற்கு வேண்டியது திறந்த தேன். கொத்தமல்லிப் பூவை விரலில் பிடித்து உற்றுப் பாருங்கள். குடையாக விரிந்த காம்புகளின் நுனியில் கடுகளவு வெள்ளைப் பூக்கள்; ஒவ்வொன்றின் நடுவிலும் மேடாக ஒரு திட்டு; அதன்மேல் தேன் வெளிப்படையாகப் பளபளக்கும். எவ்வளவு குட்டி வாயாக இருந்தாலும் நின்று குடிக்கலாம். சோம்பு, சதகுப்பை, ஓமம், பூக்கவிட்ட கேரட் எல்லாம் ஒரே குடும்பம், ஒரே அமைப்பு. அடுத்தபடி சூரியகாந்திக் குடும்பம்: ஒற்றை அடுக்கு ஜினியா, காஸ்மோஸ், பேயெள்ளு. ஒரு பூ என்று நாம் நினைப்பது ஆழமில்லாத நூற்றுக்கணக்கான குறும்பூக்களின் கூட்டம். துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் தேனீக்களுக்கு. நான் ஒரே ஒரு செடியைத்தான் சிபாரிசு செய்யலாம் என்றால் கொத்தமல்லியைத்தான் சொல்வேன்.

செண்டுமல்லி ஏன் இந்தப் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். அதற்கு வேறு வேலை இருக்கிறது, அதையும் பெங்களூரே கண்டுபிடித்துக் கொடுத்தது. நகருக்கு வடமேற்கே ஹெஸரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தக்காளிக் காய்ப்புழுவுக்கு ஒரு வழி சொன்னது. தக்காளி 16 வரிசைக்கு உயரமான செண்டுமல்லி ஒரு வரிசை. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்குத் தக்காளியைவிடச் செண்டுமல்லி மொட்டில் முட்டையிடத்தான் விருப்பம் அதிகம். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டுமே, அதற்காக 45 நாள் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நடச் சொன்னார்கள். முட்டைக்கோஸுக்கு இதேபோல் கடுகு: 25 வரிசைக்கு ஒரு முறை கடுகு விதைத்து, வைரமுதுகு அந்துப்பூச்சியை அங்கே இழுப்பது. இவை கவர்ச்சிப் பயிர்கள். பகையை ஓரத்துக்கு அழைக்கும் செடிகள். கொத்தமல்லி அழைப்பது நட்பை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. செண்டுமல்லி வைத்தவர் புழு விழுந்த மொட்டைக் கிள்ளி அழிக்காமல் அழகு பார்த்துக்கொண்டிருந்தால், காய்ப்புழுவுக்கு அவரே பண்ணை வைத்துக் கொடுத்ததாக ஆகும்.

ஓரப் பூ வெறும் நம்பிக்கை அல்ல என்பதற்கு நெல் வயலில் நல்ல சான்று இருக்கிறது. சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூன்று நாடுகளிலும் வரப்பில் எள் போன்ற தேன் செடிகளை வைத்துப் பல ஆண்டுகள் நடத்திய சோதனையின் முடிவு 2016-இல் வெளியானது. பூ வைத்த வயல்களில் பூச்சிமருந்து தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது. மகசூல் 5 சதவீதம் கூடியது. வரப்பில் தட்டைப்பயறு விதைக்கச் சொல்லி நம் வேளாண் துறையும் நெல் உழவர்களிடம் சொல்லி வருவது இதே கணக்கில்தான்.

பூ வைத்தாயிற்று, பூச்சி வந்தாயிற்று. அதற்குப் பிறகு நடக்கும் பெரிய கேடு, வந்த நண்பனை நாமே நசுக்குவது. செம்பருத்தியிலோ கொய்யாவிலோ வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருக்கும் கிளையைப் பாருங்கள். அதில் சில மற்றவற்றைவிட நீளமாக, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகுக் குச்சம் தொங்க, நடமாடிக்கொண்டிருக்கும். இது பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்துத்தான் பலரும் முதலில் அதைக் கொல்வார்கள். அது கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதே அதன் பிழைப்பு. தின்னும் இரையைப் போலவே அதுவும் வெள்ளைப் போர்வை போர்த்திருக்கிறது. ஒரு துடைப்பக்குச்சியால் தொட்டால் வித்தியாசம் புரியும்: மாவுப்பூச்சி இருந்த இடத்தில் இருக்கும், இது விறுவிறுவென்று நடந்துவிடும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டு காபித் தோட்டத்துப் பச்சைச் செதில்பூச்சியை ஒழிப்பதற்காக 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வந்த வேலையில் அது பெரிதாகச் சாதிக்கவில்லை. ஆனால் தென்னிந்தியாவில் தங்கிவிட்டது, மாவுப்பூச்சியைத் தீர்ப்பதில் பேர் வாங்கிவிட்டது. வளர்ந்த வண்டு கறுப்பு. தலையும் பின்முனையும் செங்காவி.

சாதாரணப் பொறிவண்டின் புழுவுக்கும் இதே கதிதான். சிவப்பு வண்டை ரசிப்பவர்கள், கறுப்பில் மஞ்சள் புள்ளியோடு குட்டி முதலையைப்போல் ஊரும் அதன் புழுவைக் கண்டால் அருவருத்துத் தட்டிவிடுவார்கள். அசுவினிகளுக்கு நடுவே உப்பிப் பழுப்பேறி, காகிதம்போல் காய்ந்த அசுவினி தெரிந்தால் அது ஒட்டுண்ணிக் குளவியின் தொட்டில். முதுகில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியே வந்துவிட்டது. இல்லையென்றால் உள்ளே இருக்கிறது. அந்த இலையைக் கிள்ளி எறியாதீர்கள். இலையில் மயிரிழைக் காம்பின் நுனியில் நிற்கும் வெள்ளை முட்டை கிரைசோபெர்லாவுடையது. முதலில் பொரிக்கும் புழு பக்கத்து முட்டையைத் தின்றுவிடாமல் இருக்கத் தாய் செய்த ஏற்பாடு அந்தக் காம்பு. சுவர் மூலையில் மண்கூடு கட்டும் குளவியையும் விட்டுவிடுங்கள். வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை பிறக்கும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் அதைக் கலைக்க விடமாட்டார்கள். அந்தக் கூட்டை நிரப்பத் தாய்க்குளவி மயக்கிக் கொண்டுவருவது பலசமயம் நம் செடியின் பச்சைப்புழுக்களைத்தான்.

பெங்களூரில் இந்தப் பேச்சுக்கு ஒரு தலைமை இடமே இருக்கிறது: பெல்லாரி சாலையில் ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம். பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாட்டு உழவர்களை உலுக்கியது பலருக்கு நினைவிருக்கும். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010-இல் இந்தப் பணியகம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து, பெருக்கி, வயல்களில் விட்டது. வெளிநாட்டுப் பூச்சியை அதன் சொந்த ஊர் எதிரி அடக்கியது. மரவள்ளி மாவுப்பூச்சி வந்தபோது இதே வழியில் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வேறொரு குளவியைக் கொண்டுவந்து 2022-இல் சேலம் மாவட்டத்தில் விட்டார்கள். இதை இங்கே சொல்லக் காரணம், ஓரப் பூ எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல என்பதைச் சொல்லத்தான். எதிரியே இங்கு இல்லாத புதுப் பூச்சிக்குக் குளவியை வெளியிலிருந்துதான் தருவிக்க வேண்டும். பாகலிலும் பீர்க்கிலும் விழும் பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறியும், பிஞ்சுக்குப் பை கட்டுவதும்தான் வழி. ஆனால் அசுவினி, மாவுப்பூச்சி, இலைப்புழு என்ற அன்றாடத் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு எதிரிகள் நம் தெருவிலேயே இருக்கின்றன, சோறுதான் இல்லை.

ஓரப் பூவின் இன்னொரு விருந்தாளி தேனீ. தக்காளி, கத்தரியின் மகரந்தம் குழல்போன்ற பைக்குள் அடைந்திருக்கும். நுனியில் சிறு துளை. சாதாரணத் தேனீ அதைத் திறக்கத் திணறும். வயிற்றில் நீலப் பட்டை போட்ட அமெஜில்லா தேனீ பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் அதிரவைக்கும். மகரந்தம் உப்புக்குடுவையைக் குலுக்கினாற்போல் கொட்டும். அந்த ரீங்காரம் பக்கத்தில் நின்றால் காதில் விழும். இந்தத் தேனீக்குத் துளசி என்றால் உயிர். மண்ணைக் குடைந்துதான் கூடு கட்டும் என்பதால், வீட்டைச் சுற்றி ஓரடி மண்ணையாவது சிமென்ட் போடாமல் விட்டால் நல்லது.

இந்த நகரத்தில் தேனீயின் நிலைமை கவலைக்குரியது. பெங்களூரின் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் 1,800-க்கும் அதிகமான மலைத்தேனீக்களை நகரின் பல இடங்களில் கவனித்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். புகை மிகுந்த இடங்களில் தேனீக்கள் பூவுக்கு வருவதே குறைவு. அங்கே பிடித்தவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரு நாளுக்குள் இறந்தன. காற்றை நாம் தனியாளாகச் சுத்தம் செய்ய முடியாது. மருந்தில்லாத பூவை வைக்க முடியும்.

பெங்களூரில் இதற்கு வானிலை தோதானது. கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் உயரம், உறைபனி கிடையாது, கோடையில் மாங்காய் மழை, பிறகு இரண்டு பருவமழை. வருடம் முழுக்கப் பூ இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். பார்த்துக்கொள்ளவும் வேண்டும், ஏனென்றால் பகைப் பூச்சிக்கும் இங்கே விடுமுறை கிடையாது. மழை தொடங்கும்போது தட்டைப்பயறும் சூரியகாந்தியும். ஆவணி, புரட்டாசியில் அவரை, கடுகு, பேயெள்ளு. குளிர் வந்ததும் கொத்தமல்லி, சதகுப்பை, சோம்பு, நர்சரியில் அலிசம் என்று கிடைக்கும் தரையோடு படரும் வெள்ளைப் பூ. கோடையைத் துளசியும் காஸ்மோஸும் தாங்கும். ஒரேயடியாக விதைக்காமல் பதினைந்து நாளைக்கொரு பிடி விதைப்பது நல்லது. தானாக முளைக்கும் தும்பையையும் வெட்டுக்காயப் பூண்டையும் ஓரத்தில் விட்டுவைக்கலாம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்கிவிட வேண்டும். உண்ணிச்செடிக்குப் பட்டாம்பூச்சி வருகிறதே என்று அதை நடவே வேண்டாம். அழகுக்கு வந்த செடி பந்திப்பூர் காட்டில் செய்திருக்கும் அழிவு போதும்.

பெங்களூரில் மாடித்தோட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கார்டன் சிட்டி ஃபார்மர்ஸ் அமைப்பு 2011-இல் தொடங்கிய ‘ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா’ சந்தைகளில் விதையும் தொட்டியும் வாங்கக் கூட்டம் கூடும். முப்பது தொட்டி வைத்திருப்பவர் ஐந்தாறு தொட்டியைக் கைப்பிடிச் சுவரோரம் பூவுக்கு ஒதுக்கினால் போதும். ஒட்டுண்ணிக் குளவிகள் சின்ன உடம்புக்காரர்கள், நெடுந்தூரம் பறக்காதவர்கள். ஆகவே பூந்தொட்டி காய்கறிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எறும்பை மட்டும் கவனியுங்கள். அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அவற்றுக்குக் காவல் நின்று குளவியை விரட்டும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

கடினமான பகுதி பொறுமை. அசுவினியைக் கண்ட அன்றே மருந்தடித்தால் அசுவினியும் சாகும், அதைத் தேடி வந்த புழுவும் சாகும். அசுவினி சில நாளில் திரும்பப் பெருகும். எதிரி பெருக வாரக்கணக்கில் ஆகும். வேப்பெண்ணெய்கூட மென்மையான புழுக்களின் மேல் நேராகப் பட்டால் கேடுதான். அடித்தே ஆகவேண்டுமென்றால் அந்திக்குப் பிறகு, தாக்கிய கிளையில் மட்டும், பூவில் படாமல் அடியுங்கள். அதற்கு முன் ஒரு வாரம் கைலென்ஸோடு பாருங்கள்.

கொத்தமல்லி பூ எடுத்ததும் வீணாகிவிட்டது என்று பிடுங்கிப் போடும் வழக்கத்தை இந்த வருடம் நிறுத்துங்கள். அடுக்களை டப்பாவிலிருந்து ஒரு பிடி தனியாவை எடுத்து, செருப்பால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, தோட்டத்து ஓரத்தில் தூவுங்கள். கீரைக்குப் பாதியைக் கிள்ளிக்கொண்டு, மீதியைப் பூக்க விடுங்கள்.